1970 பெல்கிரேட்: லார்சன் – ஸ்பாஸ்கி, 17 நகர்த்தலில் கருப்பு வென்ற 1.பி3 ஆட்டம் – நகர்த்தல் நகர்த்தலாக அலசல்

கருப்பு_குதிரை:
பக்கவாட்டு ஓப்பனிங்குகளை (நடுச் சிப்பாய்க்குப் பதில் ஓரத்துச் சிப்பாயில் தொடங்கும் ஆரம்பங்களை) பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த ஆட்டத்தைக் காட்டி "பி3 (முதல் நகர்த்தலாக பி2 சிப்பாயை பி3-க்குத் தள்ளுவது) ஆடினா இதுதான் கதி" என்று முடித்துவிடுகிறார்கள். அது இந்த ஆட்டத்துக்குச் செய்யும் அநியாயம். பி3-ஆல் இந்த ஆட்டம் தோற்கவில்லை. எங்கே தோற்றது என்பதைத்தான் இந்த இழையில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

பின்னணி சுருக்கமாக: 1970-இல் பெல்கிரேடில் சோவியத் அணிக்கும் உலக அணிக்கும் நடந்த மேட்ச். 10 பலகை, 4 சுற்று. உலக அணியின் முதல் பலகை தனக்கே வேண்டும் என்று பென்ட் லார்சன் பிடிவாதமாக இருந்தார். பாபி ஃபிஷர் விட்டுக்கொடுத்து இரண்டாம் பலகைக்குப் போய் பெட்ரோசியனை 3–1 என்று வென்றார். முதல் பலகையில் லார்சனுக்கு எதிரே அப்போதைய உலக சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கி. இது இரண்டாம் சுற்று ஆட்டம், லார்சன் வெள்ளை. (எண்ணுக்குப் பின் முதலில் வெள்ளையின் நகர்த்தல், அடுத்து கருப்பின் நகர்த்தல்; எண்ணோடு மூன்று புள்ளி வந்தால் கருப்பின் நகர்த்தல் மட்டும். காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய், × என்றால் வெட்டு, =ராணி என்றால் சிப்பாய் ராணியாவது. கேஸ்லிங் என்பது ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது.)

1.பி3 இ5 2.பிஷப் பி2 குதிரை சி6 3.சி4 குதிரை எஃப்6 4.குதிரை எஃப்3 இ4 5.குதிரை டி4 பிஷப் சி5 6.குதிரை×சி6 டி×சி6 7.இ3 பிஷப் எஃப்5 8.ராணி சி2 ராணி இ7 9.பிஷப் இ2 ராணிப்பக்கக் கேஸ்லிங் 10.எஃப்4 குதிரை ஜி4 11.ஜி3 எச்5 12.எச்3 எச்4 13.எச்×ஜி4 எச்×ஜி3 14.யானை ஜி1 யானை எச்1 15.யானை×எச்1 ஜி2 16.யானை எஃப்1 ராணி எச்4 செக் 17.ராஜா டி1 ஜி×எஃப்1=ராணி செக். வெள்ளை ரிசைன். 0–1.

என் கருத்து இதுதான்: குறை நான்காவது நகர்த்தலில் ஆரம்பிக்கிறது. இ3 ஆடுவதற்கு முன்னால் குதிரை எஃப்3-க்கு வந்துவிட்டது. அதனால் இ4 என்று துரத்தினதும் டி4-க்குப் போகிறது. அங்கே அதைத் தாங்க இ3 சிப்பாய் இன்னும் வரவில்லை. பிஷப் சி5 வந்து ஒரு நகர்த்தலை இனாமாக வாங்கிக்கொள்கிறது. எஃப்3, டி4, சி6 என்று மூன்று முறை நகர்ந்த குதிரை, ஒரே முறை நகர்ந்த குதிரையோடு மாற்றிக்கொள்ளப்படுகிறது. அந்த மாற்றமே கருப்பின் சி8 பிஷப்புக்கும் டி கோட்டுக்கும் வழி திறந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இந்தக் கடனுக்கு வட்டி.

புதுச்சிப்பாய்:
நல்ல இழை சார். ஒரு சந்தேகம். 6-வது நகர்த்தலில் பி×சி6 ஆடலாமே? "வெட்டும்போது நடுப்பக்கம் நோக்கி வெட்டு" என்றுதானே சொல்லித்தர்றாங்க? டி×சி6-இல் சிப்பாய் நடுவிலிருந்து விலகிப் போகுதே.

முடிவாட்டம்:
அந்த விதி சிப்பாய் அமைப்புக்கானது தம்பி. இங்கே கேள்வியே வேகம்தான். பி×சி6 ஆடினா சி8 பிஷப் எஃப்5-க்கு வர டி சிப்பாய் இன்னொரு முறை நகரணும், டி கோடும் மூடியே இருக்கும். டி×சி6 ஆடினதும் மூணு வேலை ஒரே நகர்த்தலில் முடியுது: பிஷப் எஃப்5-க்கு நேரா போகுது, டி கோடு பாதி திறக்குது, ராணிப்பக்கக் கேஸ்லிங் பண்ணினா யானை டி8-இலிருந்து டி2-வை நேரா பார்க்குது. வெள்ளையோட டி2 சிப்பாய் அசைய முடியாம நிக்கிறதைக் கவனி. டி4 தள்ளினா இ×டி3 ஆன் பாசான்ல (ரெண்டு கட்டம் தாண்டின சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் போன மாதிரி வெட்டுறது) டி கோடு முழுசா திறந்துடும். டி3-ம் அதே கதை. இ4 சிப்பாய் உயிரோட இருக்கிற வரை வெள்ளையோட ராணிப்பக்கம் மூச்சு முட்டும்.

இரட்டைச் சிப்பாய் (ஒரே கோட்டுல ரெண்டு) எண்ட்கேம்ல, அதாவது காய் குறைஞ்ச கடைசிக் கட்டத்துல பிரச்சினை. 17 நகர்த்தல்ல முடியிற ஆட்டத்துல எண்ட்கேமே வராது.

ஓப்பனிங்_அலமாரி:
கருப்பு_குதிரை சொன்ன நான்காவது நகர்த்தல் விஷயம் சரி. கூடச் சேர்க்க ஒன்று: 6.இ3 ஆடித் தாங்கலாம் என்று தோன்றும். ஆனால் 6...பிஷப்×டி4 7.இ×டி4 என்றதும் வெள்ளையின் சொந்தச் சிப்பாயே டி4-இல் உட்கார்ந்து பி2 பிஷப்பின் மூலைவிட்டத்தை அடைத்துவிடும். பி3 ஆடி பிஷப்பை பி2-இல் வைத்ததே இ5, ஜி7 பக்கம் அழுத்தம் கொடுக்கத்தான். அதை நாமே மூடினால் முதல் இரண்டு நகர்த்தலும் வீண்.

சரியான வரிசை 4.இ3. கருப்பு 4...டி5 ஆடினால் 5.சி×டி5 குதிரை×டி5 என்று நிறம் மாறிய சிசிலியன் (கருப்பு ஆடும் சிசிலியன் ஓப்பனிங்கை வெள்ளை ஆடுவது) வடிவம் கிடைக்கும். பிறகு ஏ3, ராணி சி2, குதிரை எஃப்3 என்று நிதானமாக வரலாம். இ3 முன்பே இருப்பதால் குதிரை டி4-இல் நின்றாலும் தாங்க ஆள் இருக்கும். இன்னும் பாதுகாப்பு வேண்டுமானால் மூன்றாவது நகர்த்தலிலேயே சி4 வேண்டாம், 3.இ3 போதும். 3...டி5 4.பிஷப் பி5 பிஷப் டி6 என்பதுதான் இப்போது அதிகம் ஆடப்படும் பாதை. பி5 பிஷப் சி6 குதிரையைக் கட்டிப்போடுவதால் (குதிரை நகர்ந்தால் பின்னால் உள்ள ராஜாவுக்குச் செக்) இ5 மேல் அழுத்தம் உண்மையாகவே ஏறும். அடுத்து 5.எஃப்4 ஆட்டம் பிடிக்கும், ஆனால் 5...ராணி எச்4 செக் 6.ஜி3 ராணி இ7 என்று கருப்பு நம்மை ஜி3 ஆடவைத்துவிட்டுத் திரும்பும், அதைத் தெரிந்துகொண்டு ஆடணும். அமைதி வேண்டுவோர் 5.குதிரை எஃப்3.

பி3 மேல் பழி போடுகிறவர்களுக்கு: அதே 1970-இல் ஃபிஷரே 1.பி3 ஆடி புவெனஸ் ஐரஸில் துக்மகோவையும் பால்மா டி மல்லோர்காவில் மெக்கிங்கையும் வென்றிருக்கிறார்.

எச்கோடு:
எல்லாரும் 4-வது நகர்த்தலைப் பிடிச்சுத் தொங்கறீங்க. என் பார்வைல 9-வது நகர்த்தல் வரை வெள்ளை சரியான சங்கடத்துல இருக்கு, ஆனா தோற்கலை. 10.எஃப்4 தான் கொலை. அந்த ஒரு தள்ளல் இ1-எச்4 மூலைவிட்டத்தைத் திறந்துடுது, இ3-க்கும் ஜி3-க்கும் காவலைப் பறிச்சுடுது. ராஜா இன்னும் இ1-ல. பி1 குதிரையும் ஏ1 யானையும் பிறந்த வீட்டுல. அந்த நிலைமைல சிப்பாயைத் தள்றது எப்படி?

ஒன்பதாவதுலயே குதிரை சி3 ஆடி, அடுத்து ராணிப்பக்கம் கேஸ்லிங் பண்ணி டி2-வைக் காத்திருக்கலாம்.

கருப்பு_குதிரை:
எச்கோடு, எஃப்4 கடும் தவறு என்பதில் மறுப்பே இல்லை. ஆனால் லார்சன் ஏன் ஆடினார் என்பதைப் பாருங்கள். அவர் எதிர்பார்த்தது 10...இ×எஃப்3 11.பிஷப்×எஃப்3 ஆக இருந்திருக்கலாம். அப்படி ஆகியிருந்தால் வெள்ளையின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த இ4 சிப்பாய் பலகையை விட்டே போயிருக்கும், எஃப் கோடும் திறந்திருக்கும். ஸ்பாஸ்கி அதைத் தொடவே இல்லை. அதுதான் பெரிய நகர்த்தல். ஆன் பாசான் கிடைக்கிறது என்பதற்காக வெட்டாமல், குதிரையை ஜி4-க்கு அனுப்பினார்.

ஜி4 குதிரை வந்ததும் வெள்ளையின் நிலைமை:

11.கேஸ்லிங் என்றால் 11...யானை×டி2! ராணியால் வெட்டினால் பிஷப்×இ3 செக், ராஜாவும் டி2 ராணியும் ஒரே நேரத்தில் மாட்டும். குதிரையால் வெட்டினால் குதிரை×இ3, சி2 ராணிக்கும் எஃப்1 யானைக்கும் ஒரே நேரத்தில் குறி.

11.பிஷப்×ஜி4 என்றால் 11...ராணி எச்4 செக் 12.ஜி3 ராணி×ஜி4. வெள்ளைச் சதுரங்களைக் காக்க வெள்ளையிடம் பிஷப்பே இல்லை. எஃப்3, எச்3 இரண்டும் ஓட்டை.

ஆகவே 11.ஜி3 ஆடினார். எச்4 செக்கைத் தடுத்தாகிவிட்டது. ஆனால் ஜி3 ஒரு கொக்கி. எச் சிப்பாய் ஓடிவந்து அதில் மாட்டிக்கொண்டு கோட்டைத் திறக்கும். எச்5, எச்4 அதுதான்.

புதுச்சிப்பாய்:
12-வது நகர்த்தல்ல எச்3-க்குப் பதிலா குதிரை சி3 ஆடியிருந்தா? குதிரையாவது வெளிய வந்திருக்குமே.

முடிவாட்டம்:
அங்கேயும் டி2 தியாகம் காத்துக்கிட்டிருக்கு. 12.குதிரை சி3 யானை×டி2 13.ராணி×டி2 பிஷப்×இ3. ராணி சி2-க்குத் திரும்பினா பிஷப் எஃப்2 செக். ராஜா டி1 போனா குதிரை இ3 செக், ராணி போச்சு. எஃப்1 போனா இ3 தள்ளினதும் எஃப்5 பிஷப்போட பார்வை நேரா சி2 ராணி மேல விழும். ஜி4 குதிரையை உயிரோட விட்டா எந்த நகர்த்தலும் சுகப்படாது. எச்3 ஆடி அதைத் துரத்தணும்னு லார்சன் நினைச்சது புரியுது.

ஆனா துரத்தினா குதிரை போகணும்னு சட்டம் இல்லையே! 12...எச்4. இந்த இடத்துல நிறைய பேர் பின்வாங்கி குதிரை எஃப்6 ஆடுவாங்க.

எச்கோடு:
13.எச்×ஜி4-க்குப் பதிலா 13.பிஷப்×ஜி4 பிஷப்×ஜி4 14.எச்×ஜி4 எச்×ஜி3 15.யானை ஜி1-னு வந்தாலும் அதே மருந்துதான்: 15...யானை எச்1! 16.யானை×எச்1 ஜி2 17.யானை ஜி1 ராணி எச்4 செக் 18.ராஜா இ2 ராணி×ஜி4 செக் 19.ராஜா இ1 ராணி ஜி3 செக் 20.ராஜா இ2 ராணி எஃப்3 செக் 21.ராஜா இ1 பிஷப் இ7, அடுத்து எச்4-ல பிஷப் செக்தான் மிரட்டல். சி5-ல இருந்து இ7-க்கு பின்னால வந்து எச்4-க்கு சுத்திப் போற பிஷப், பார்க்கவே அழகு. செக் மழைக்கு நடுவுல ஒரு அமைதியான நகர்த்தல். இதைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்.

சி64:
இழையின் நடுக்கட்டத்துக்கு வருவோம், 14...யானை எச்1. இதை "அழகான தியாகம்" என்று சொல்லி நகர்ந்துவிடக் கூடாது. அது ஏன் தேவை என்பதைச் சொல்லணும்.

13...எச்×ஜி3-க்குப் பிறகு பலகையைப் பாருங்கள். கருப்பு ஒரு குதிரையைக் கொடுத்து ஒரு சிப்பாய் வாங்கியிருக்கிறது. எஃப்5 பிஷப் மேலும் ஜி4 சிப்பாயின் குறி இருக்கிறது. அதாவது கருப்புக்கு நேரம் இல்லை, ஒவ்வொரு நகர்த்தலும் மிரட்டலோடு வரணும். அதன் ஒரே சொத்து ஜி3 சிப்பாய், அதற்கு இன்னும் இரண்டு படி. முன்னால் வெள்ளை யானை ஜி1-இல் காவல் நிற்கிறது.

14...ராணி எச்4 என்று உடனே போனால் 15.யானை ஜி2 என்று சிப்பாய்க்கு நேர் எதிரே வந்து அடைத்துக்கொள்ளும். 15...ராணி எச்1 செக் என்றால் 16.பிஷப் எஃப்1, ஜி2 யானைக்குத் தாங்கலும் கிடைத்துவிட்டது. அடைப்பு விழுந்த பிறகு சிப்பாய் வெறும் சிப்பாய்.

யானை எச்1 செய்வது ஒன்றே ஒன்று: அந்தக் காவல்காரனை ஜி கோட்டை விட்டு இழுப்பது. 15.யானை×எச்1 ஜி2. இப்போது சிப்பாய் யானையைத் தாக்கிக்கொண்டே ஒரு படி ஏறிவிட்டது. யானை எங்கே போனாலும் எச்4-இல் ராணி செக். ஒரு முழு யானையைக் கொடுத்து வாங்கியது ஒரே ஒரு நகர்த்தல். அந்த ஒரு நகர்த்தல்தான் ஆட்டம்.

புதுச்சிப்பாய்:
எச்1 யானையை வெட்டாம விட்டா?

சி64:
ராஜா டி1 அல்லது பிஷப் எஃப்1 என்றால் யானை×ஜி1, ஒரு யானை சும்மா போயிற்று. 15.ராஜா எஃப்1 மட்டும்தான் யானையைத் தாங்கும். 15...யானை×ஜி1 செக் 16.ராஜா×ஜி1 ராணி எச்4. அடுத்து ராணி எச்2 செக், ராஜா எஃப்1, ராணி எஃப்2 மேட். 17.பிஷப் எஃப்1 என்றால் எச்2-இலேயே மேட். 17.ராஜா எஃப்1 என்றால் எச்1-இல் மேட். ஜி3 சிப்பாய் எஃப்2-வையும் எச்2-வையும் ஒருசேரப் பிடித்திருக்கிறது.

புதுச்சிப்பாய்:
அப்ப 14-லயே யானையை மாத்திக்கலாமே? 14.யானை×எச்8 யானை×எச்8 15.ஜி×எஃப்5. வெள்ளைக்கு ரெண்டு காய் அதிகம்.

எச்கோடு:
15...யானை எச்1 செக் 16.பிஷப் எஃப்1 ஜி2. எஃப்1 பிஷப் கட்டுண்டு கிடக்கு, ஜி2 சிப்பாயை அதால வெட்ட முடியாது. அடுத்த நகர்த்தல்ல எஃப்1-ஐ வெட்டி ராணியாகுது, பின்னாடி எச்1 யானை தாங்குது. 15-ல ராஜாவை எஃப்1-க்கு நகர்த்தினாலும் 15...யானை எச்1 செக் 16.ராஜா ஜி2 யானை எச்2 செக், பேராசைப்பட்டு 17.ராஜா×ஜி3 ஆடினா ராணி எச்4 மேட். எஃப்3-க்கு ஓட முடியாது, இ4 சிப்பாய் காவல். அந்த இ4 சிப்பாய் நாலாவது நகர்த்தல்லயே போய் உட்கார்ந்தது, கடைசி வரை வேலை செய்யுது.

ஓப்பனிங்_அலமாரி:
16-வது நகர்த்தலுக்கு வருவோம். லார்சன் எஃப்1-க்குப் போனார். 16.யானை ஜி1 ஆடியிருந்தால் ஆட்டம் இன்னும் நீளமாகவும் இன்னும் அழகாகவும் போயிருக்கும்.

16.யானை ஜி1 ராணி எச்4 செக் 17.ராஜா டி1 ராணி எச்1! யானையால் வெட்டினால் ஜி×எச்1=ராணி செக். 18.ராணி சி3 ராணி×ஜி1 செக் 19.ராஜா சி2 ராணி எஃப்2 20.ஜி×எஃப்5 ராணி×இ2. ஜி1-இல் ராணியாவது மிரட்டல். 21.குதிரை ஏ3 என்று வெள்ளை ஏ1 யானைக்கு முதல் வரிசையைத் திறந்துவிடுகிறது. ஜி1 இப்போது காவலில்.

இங்கே 21...பிஷப் பி4!! சி3 ராணிதான் டி3 சதுரத்தைக் காக்கிறது. அதை இழுத்துவிட வேண்டும். 22.ராணி×பி4 ராணி டி3 செக். ராஜாவால் டி3-ஐ வெட்ட முடியாது, இ4 சிப்பாயும் டி8 யானையும் தாங்குகின்றன. சி1 அல்லது டி1-க்குத்தான் போகணும். எங்கே போனாலும் தன் ஏ1 யானைக்கும் ஜி1-க்கும் நடுவே ராஜாவே குறுக்கே நிற்கிறது. ஜி1=ராணி, மேட். காவலுக்கு நின்ற யானையை வெள்ளை ராஜாவை வைத்தே மறைப்பது. சி64 சொன்ன அதே கருத்துதான் இங்கேயும்: ஜி1-இன் காவலை ஒழி. 14-இல் காவல்காரனை இழுத்து, இங்கே குறுக்கே ஆள் நிறுத்தி.

முடிவாட்டம்:
இன்னொரு நுணுக்கத்தை யாரும் சொல்லலை. 16.யானை எஃப்1-க்குப் பிறகு உடனே ஜி×எஃப்1=ராணி செக் ஆடினா, ராஜாவே எஃப்1-ஐ வெட்டிடலாம். முதல்ல 16...ராணி எச்4 செக். யானை எஃப்2-ல குறுக்கே வந்தா ஜி1-ல ராணி செக்கோட பிறக்குது. அதனால 17.ராஜா டி1. இப்ப எஃப்1-க்குப் பக்கத்துல ராஜா இல்லை. அதுக்கப்புறம்தான் 17...ஜி×எஃப்1=ராணி செக். 18.பிஷப்×எஃப்1 பிஷப்×ஜி4 செக். 19.பிஷப் இ2-ன்னா எச்1-ல ராணி மேட், இ2 பிஷப் கட்டுண்டதால எஃப்1-க்கு வந்து மறைக்க முடியாது. 19.ராஜா சி1-ன்னா ராணி இ1 செக் 20.ராணி டி1 ராணி×டி1 மேட், ஜி4 பிஷப் தாங்குது. லார்சன் அங்கேயே கை கொடுத்தது சரி.

வகுப்புல பசங்களுக்கு இந்த ஆட்டத்தைக் காட்டுறவங்க 14-வது நகர்த்தலோட நிறுத்திடறாங்க. 16, 17-ன் வரிசையைக் கேட்டுப் பாருங்க, பாதிப் பேர் முதல்ல சிப்பாயால வெட்டுவாங்க. தியாகம் கண்ணுல படும், வரிசை படாது.

பக்கவாட்டு_பிஷப்:
பி3-ஐ வெள்ளையில் தொடர்ந்து ஆடுபவர்களுக்காக, நடைமுறையில் எங்கே சறுக்குகிறது என்று சொல்கிறேன்.

இ3 ஆடாமல், இ5-இல் சிப்பாயும் எஃப்6-இல் குதிரையும் உள்ள கருப்புக்கு எதிராகக் குதிரையை எஃப்3-இல் வைக்கக் கூடாது. 1.பி3-இல் இதுதான் அதிகம் நடக்கும் பிசகு. கை பழக்கத்தில் எஃப்3-க்குப் போய்விடும். சி4-ஐயும் அவசரப்பட்டு ஆடினால் டி3 சதுரம் பலவீனமாகும், டி2 சிப்பாய் பின்தங்கும். இந்த ஆட்டத்தில் டி8 யானை குறிவைத்தது அதையேதான். எஃப்4 தள்ளும் ஆசை வந்தால் முதலில் ராஜா எங்கே இருக்கிறது, எச்4-இல் ராணி செக் உண்டா என்று பார்க்கணும். இந்த ஓப்பனிங்கில் எஃப்4 பல அமைப்புகளில் நல்ல நகர்த்தல்தான், இ5-ஐ உடைக்கும். ஆனால் சிப்பாய் இ4-க்கு ஏற்கெனவே போய்விட்டால் உடைக்க அங்கே என்ன இருக்கிறது? வெறும் பலவீனம் மட்டும் மிஞ்சும்.

கருப்பில் ஆடுகிறவர் 2.பிஷப் பி2-க்கு 2...எஃப்6 என்று இ5-ஐத் தாங்கினால் ஜி8 குதிரையின் இயல்பான சதுரம் போய்விடும். 2...டி6 திடமானது, ஆனால் எஃப்8 பிஷப்பை அடைக்கும். ஸ்பாஸ்கி போல 2...குதிரை சி6 தான் எல்லாக் காய்க்கும் வழி விடுகிறது.

எச்கோடு:
ஒத்துக்கறேன். இருந்தாலும் நான்காவது நகர்த்தலுக்கும் பத்தாவதுக்கும் நடுவுல எதைப் பெரிய பழின்னு சொல்றதுங்கறதுல என் வாக்கு எஃப்4-க்குத்தான். நாலாவதுல வெள்ளை இழந்தது நேரம். பத்தாவதுல இழந்தது ராஜா.

கருப்பு_குதிரை:
எஃப்4-ஐத் தண்டிக்க எஃப்5 பிஷப், டி8 யானை, இ7 ராணி எல்லாம் பத்தாவது நகர்த்தலுக்குள் இடத்தில் இருந்தது எப்படி? வெள்ளைக் குதிரை மூன்று நகர்த்தலைச் செலவழித்து அந்த நேரத்தைக் கொடுத்ததால்தான். இ3 முன்பே ஆடியிருந்தால் இதே எஃப்4 சாதாரண நகர்த்தலாக இருந்திருக்கும்.

லார்சனின் பக்கமும் சொல்லிவிடுகிறேன். இந்த அடி வாங்கிய அடுத்த சுற்றிலேயே கருப்புக் காய்களோடு ஸ்பாஸ்கியை வென்றார். நான்காம் சுற்றில் ஸ்பாஸ்கி இடத்தில் உட்கார்ந்த லியோனிட் ஸ்டெய்னையும் வென்றார். முதல் பலகையில் நான்கு ஆட்டத்தில் 2½ புள்ளி. மேட்ச் மொத்தம் 20½–19½ என்று சோவியத் அணிக்கு. அரைப் புள்ளி இப்படியோ அப்படியோ ஆகியிருந்தால் டிரா.

புதுச்சிப்பாய்:
கடைசியா ஒண்ணு. 5.குதிரை டி4-க்குப் பதிலா குதிரை ஜி1-க்கே திரும்பினா?

ஓப்பனிங்_அலமாரி:
நகர்த்தல் எண்ணிக்கையில் நஷ்டம், ஆனால் மாற்றம் இல்லாததால் சி8 பிஷப்புக்கும் டி கோட்டுக்கும் உடனே வழி திறக்காது. கருப்பு டி5 ஆடி நடுப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், 5...டி5 6.சி×டி5 ராணி×டி5 7.குதிரை சி3 என்றால் ராணியைத் தாக்கிக்கொண்டு ஒரு நகர்த்தல் திரும்பக் கிடைக்கிறது என்று தோன்றும். ஆனால் கருப்பு ராணி இ5 அல்லது ஏ5-க்கு நகர்ந்துவிட்டு வசதியாக இருக்கும். பலகையில் வைத்து இரண்டு பக்கமும் ஆடிப் பாருங்கள், எஃப்1 பிஷப்பை வெளியே கொண்டுவர வெள்ளைக்கு எத்தனை நகர்த்தல் ஆகிறது என்று மட்டும் எண்ணுங்கள்.